விபெகேயின் வாசலில் இரண்டு வண்டிகள்

விபெகே தன் ரொட்டிக் கடையில் வெண்ணெய்த் தகட்டை வைத்து மாவை மடித்துக்கொண்டிருந்தாள். கை மாவில், கண் சன்னலுக்கு வெளியே. கோபன்ஹேகனில் குழந்தைகளைக் குளிர்காற்றில் தூங்க விடுவதுதான் வழக்கம். தாய்மார் குழந்தை வண்டியைக் கடைச் சுவரோரம் நிறுத்திவிட்டு உள்ளே வருவார்கள்.

"போய் காப்பி குடி, நான் பாத்துக்கறேன்" என்பாள் விபெகே. ரொட்டியைவிட அந்த ஒரு சொல்லுக்காகவே பலர் இவளிடம் வந்தார்கள்.

பதினாறு வயதில் இதே கடையின் அடுப்படிக்கு வேலைக்கு வந்தவள். பிறகு கடையையே வாங்கினாள். கட்டடக் கலைஞனான அவள் கணவன் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்து, மூன்று கால் நாற்காலிகளைப் போட்டான். முதியோர் பராமரிப்பு வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றது முதல் காலைக் காப்பி எனக்கு அங்கேதான்.

"நாற்காலியத் திட்டாத அல்மா, அதுக்குப் பரிசு கெடச்சிருக்கு" என்பாள்.

"குடுத்தவன் நின்னுக்கிட்டே குடுத்திருப்பான்" என்பேன்.

அன்று காலை வாசலில் இரண்டு கறுப்பு வண்டிகள் நின்றன. இங்கே எல்லாரும் வாங்குவது அந்த ஒரே மாதிரிதான். காப்பியை முடித்துவிட்டுத் தன் குழந்தையைப் பார்க்க வெளியே போன சிக்னே என்ற இளம் தாய் உடனே திரும்பி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வண்டில இருக்கறது என் லிவ் இல்ல."

வெளியே ஓடினோம். ஒரு வண்டிதான் இருந்தது. உள்ளே மஞ்சள் குல்லாய் போட்ட யாரோ ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"தட்டு கருகுதுன்னு அடுப்புப் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். பாத்துக்கறேன்னு சொன்னேனே..." விபெகே அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மாவு ஒட்டிய அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தேன்.

"அழறத அப்புறம் வச்சுக்க. மொதல்ல போலீசுக்குப் போன் பண்ணு. சிக்னே, நீ நகராத. இந்தப் பிள்ளையோட ஆள் இங்கதான் தேடி வரணும்."

குரலை உறுதியாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் தெருக்கோடியில் ஏரி. கரையோரம் மெல்லிய பனிக்கட்டி. என் கண் அந்தப் பக்கமே போனது. சிக்னேயும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். போலீஸ் வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. மஞ்சள் குல்லாய்க் குழந்தை விழித்து வீறிட்டது. யாருக்கும் அதைத் தூக்கக் கை வரவில்லை, நான்தான் தூக்கினேன்.

அப்போது ஏரிப் பக்கமிருந்து ஒரு கிழவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். ஐனார் என்று பெயர், பேரனை அழைத்து வந்தவராம்.

"ரொட்டி வாங்கிட்டு வண்டியத் தள்ளிட்டுப் போயிட்டேன்," என்றார் மூச்சிரைக்க. "தூங்கட்டுமேன்னு மூடியத் தெறக்கல. அழுதப்பதான், இது நம்ம பையன் குரல் இல்லையேன்னு..."

சிக்னே அவரைத் திட்டக்கூட இல்லை. லிவ்வை எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விபெகே சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் காலை சிக்னே வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. விபெகே, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. பெட்டி கட்டும் சிவப்பு நாடாவில் ஒரு துண்டை வெட்டி, வண்டியின் கைப்பிடியில் முடிச்சுப் போட்டாள். பால் பெட்டி ஒன்றை வாசலில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் கம்பளியை விரித்தாள். சிக்னே அதில் உட்கார்ந்து, ஒரு கை வண்டிமேல் இருக்க, மறு கையால் காப்பியை வாங்கிக்கொண்டாள்.