வெள்ளைத் தலை வாத்து

மோட்டார் படகின் சத்தம் கேட்டபோது எங்கள் படகில் இரண்டு வாத்துகள் செத்துக் கிடந்தன. ஆர்லிஸ் பெர்கம் கோட்டுப் பையிலிருந்து வேட்டை உரிமத்தை எடுத்துப் பிரித்தாள். பிறகு அசையவில்லை.

"உறை மாறிப்போச்சு," என்றாள்.

மெழுகுத்தாள் உறை ஒன்றை என் பக்கம் திருப்பினாள். உள்ளே இந்த வருடத்து வாத்து ஸ்டாம்ப். அதில் பறக்கும் வாத்தின் தலை சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தது. குறுக்கே கையெழுத்தும் இல்லை.

எங்கள் பக்கம் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் வருடா வருடம் அந்த ஸ்டாம்பை வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில்தான் அரசாங்கம் சதுப்பு நிலங்களை வாங்கி வாத்துகளுக்கு விட்டுவைக்கிறது. ஒரே ஸ்டாம்பை நான்கு பேர் மாற்றி மாற்றி எடுத்துப் போகாமலிருக்க, படத்தின் மேல் மையால் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் நாக்கால் நனைத்து உரிமத்தில் ஒட்டி, ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுப் போவார்கள். ஆர்லிஸுக்கு ஸ்டாம்பின் பசையை நனைக்க மனம் வராது. ஒவ்வொரு வருடமும் இரண்டு வாங்குவாள். ஒன்று கையெழுத்துடன் சதுப்புக்கு, ஒன்று அப்படியே ஆல்பத்துக்கு. இரண்டும் ஒரே மாதிரி உறையில்.

இருபத்து நான்கு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். சிறுவயதில் நானும் அந்தப் பேருந்தில் போனவள்தான். ஒருமுறை பண்ணை ஏலத்தில், செத்துப்போன முடிதிருத்துநர் ஒருவரின் தூண்டில் பெட்டியை வாங்கினாள். தூண்டிலுக்கு அடியில் பதினொரு வருடத்து உரிமங்கள், மீன்பிடிக்க வாங்கும் மீன் ஸ்டாம்பும் வாத்து ஸ்டாம்புமாக. அன்று பிடித்த பைத்தியம். வறட்சியில் ஏரி வற்றியதால் எண்ணி நாற்பது பேர் மட்டும் வாங்கிய வருடம், பக்கத்து மாவட்டம் இரண்டே வருடம் விற்றுவிட்டு மிச்சத்தை அலுவலக அடுப்பில் போட்டு எரித்த மீன் ஸ்டாம்ப், எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

முந்தின நாள் மாலை சாமான் கடையில் வாங்கிய இரண்டில் ஒன்றுக்குத்தான் அச்சில் சிவப்பு மை விழாமல் போயிருந்தது. அப்படி அச்சுப் பிழையானதற்குத்தான் சேகரிப்பவர்களிடம் விலை அதிகம். அவள் போனில் கூப்பிட்ட ஸ்டாம்ப் வியாபாரி மூச்சுத் திணறினார். "அது மேல மூச்சுக்கூட விடாதீங்க. திங்கக்கிழமை நானே வர்றேன்." அவர் சொன்ன தொகையில், ஒழுகுகிற சமையலறைக் கூரையை மாற்றி, மிச்சத்தில் கொட்டகைக்கும் கூரை போடலாம். கையெழுத்துப் போட்டுவிட்டால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

கையெழுத்துப் போட்ட சிவப்புத் தலை ஸ்டாம்ப் இப்போது அவள் சமையலறை மேசையில் பத்திரமாக இருந்தது.

தண்ணீரில் நின்ற காட்டரிசிப் பயிர் விலகி மூக்கு மட்டும் தெரிந்த படகு, எங்களைப் பார்த்துத் திரும்பியது. வேட்டை அதிகாரியின் பச்சைப் படகு.

"பேனா வச்சிருக்கியா?"

கொடுத்தேன். மூடியைக் கழற்றினாள். ஸ்டாம்பை உறையிலிருந்து எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் போட்டுடுங்க ஆர்லிஸ். யாருக்குத் தெரியப்போகுது?"

"இந்த ரெண்டு வாத்துக்கும் தெரியும்."

ஆகஸ்டு மாதம் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவளும் அவள்தான். ஊரில் துப்பாக்கி பிடிக்கிற பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். ஒரே ஒரு அபராதச் சீட்டு வாங்கினால் போதும், ஆசிரியர் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த பேட்ஜ் தொப்பியில் குத்தியிருந்தது. கை அதைத் தொட்டுவிட்டு இறங்கியது. பேனா முனை வாத்தின் தலைக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

மோட்டார் அணைந்தது. அலை வந்து எங்கள் படகில் மோதியது.

"அட, பஸ் டிரைவரம்மாவா!" அதிகாரி வெர்லின் ஸ்கூக் சிரித்தான். "பின் சீட்டுல கத்தினேன்னு என்னை நடுரோட்டுல எறக்கி விட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அரை மைல்தானே நடந்தே. இப்பவும் உனக்கு நடக்கணும்போல இருக்கு, தொப்பையைப் பாரு."

அவன் வாத்துகளைப் பார்த்தான். துப்பாக்கியில் எத்தனை குண்டு என்று பார்த்தான். எல்லாம் சரி. "உங்ககிட்ட கேக்கறதே வெக்கமா இருக்கு. உரிமம்?"

ஆர்லிஸ் உரிமத்தையும் ஸ்டாம்பையும் நீட்டினாள்.

அவன் சிரிப்பு மெல்லப் போனது. ஸ்டாம்பைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"அந்தப் பக்கம் யாரோ சுட்ட மாதிரி இருந்துச்சு. நான் ஒரு நிமிஷம் பாத்துட்டுத் திரும்பறேன். திரும்பினப்புறம்தான் ஸ்டாம்பைப் பாப்பேன்."

யாரும் சுடவில்லை. காற்றுகூட இல்லை. நான் அவள் கையைத் தட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வெர்லின், திரும்பு."

"ஆர்லிஸ், வேணாம்," என்றான் திரும்பாமலே.

"என் வகுப்புல படிச்சவன்தானே நீ. துப்பாக்கி உறையை விட்டு வர்றதுக்கு முன்னாடி என்ன இருக்கணும்? சொல்லு."

அவனுக்குக் காது சிவந்தது. "ஸ்டாம்புல நம்ம பேரு."

"அப்ப எழுது."

மஞ்சள் நகல் வைத்த சீட்டுப் புத்தகத்தில் அவன் எழுதினான். எழுத்து கோணியது. இரண்டு வாத்துகளையும் கால்களைப் பிடித்துத் தூக்கித் தன் படகில் போட்டுக்கொண்டான். ஆர்லிஸ் பேட்ஜைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பேட்ஜ் போனாலும் கூரைக்கு வழி இருக்கிறது. அந்த நினைப்பு முடியவில்லை. அவள் ஸ்டாம்பை மறுபடி முழங்காலில் வைத்து, வெள்ளைத் தலையின் குறுக்கே முழுப் பெயரையும் எழுதினாள்.

"என்ன பண்றீங்க!" வெர்லின் கத்தினான். "அதான் சீட்டுக் குடுத்துட்டேனே! அப்புறம் எதுக்கு?"

"இந்த ஸ்டாம்பை வச்சுக்கிட்டு ரெண்டு வாத்து சுட்டுட்டேன். நாளன்னிக்கி ஒருத்தன்கிட்ட இதைப் புதுசுன்னு சொல்லி விக்கச் சொல்றியா?"

மை காயும்வரை அதை உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை வியாபாரி வந்தார். சமையலறை மேசையில் ஆல்பம் திறந்திருந்தது. ஒரே பக்கத்தில் ஸ்டாம்பும் மஞ்சள் சீட்டும். கூரையிலிருந்து வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பூதக்கண்ணாடியை வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மையை எடுக்க ஒரு மருந்து இருக்குங்க. எடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது."

ஆர்லிஸ் அவர் முன்னாலிருந்த காபிக் கோப்பையை எடுத்தாள். இன்னும் பாதி இருந்தது. தொட்டியில் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.