ஹீட்டர் பக்கத்து நாற்காலி

லோர்னா ஹாகன் வேலைக்காலம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வுக்குப் பிறகு, நூலகத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்தோறும் நடக்கும் கதைக் கூட்டத்தையும் அதே கறாரோடுதான் ஓட்டினாள். எழுதியவர் ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. நிஜமாகவே இப்படி நடந்தது என்ற சாக்கு செல்லாது. தாளில் இருப்பதுதான் கதை. சொந்தத் தங்கையே ஒருமுறை வாயைத் திறந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, அதோடு வருவதை நிறுத்திவிட்டாள். லோர்னா அசரவில்லை. என்னைக் கேட்டால், அது கொஞ்சம் அதிகம்தான்.

அந்தக் குளிர்காலத்தில் அடுத்த தெரு அர்விட் முதல்முறையாக ஒரு கதை கொண்டுவந்தார். ஒரே ஒரு பக்கம். உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போன மகன், பனி உடைந்து மூழ்கிப்போகிறான். செய்தி வந்த பிறகு அப்பா அடுப்படியில் நின்று முட்டை பொரிக்கிறார். அவ்வளவுதான்.

ஊருக்குப் புதிதாக வந்த டெனீஸ்தான் ஆரம்பித்தாள். "அந்த முட்டைய எடுத்துடுங்க. புள்ள போன சேதி கேட்டப்புறம் எந்த அப்பன் முட்டை பொரிப்பான்? கல்நெஞ்சக்காரன் மாதிரி இருக்கு."

அர்விட் பென்சிலை எடுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டார்.

சில வருடங்களுக்கு முன், அர்விட்டின் மகன் மூழ்கிய செய்தி வந்த அன்று, துக்க வீட்டுக்குச் சாப்பாடு செய்து எடுத்துப்போனவள் லோர்னா. அடுப்பின் முன்னால் அவர் நின்றதைப் பார்த்தவள். கல்நெஞ்சக்காரன் என்று அன்று அவளும்தான் நினைத்தாள்.

"அதை அடிச்சிடாதே அர்விட்," என்றாள். "நீ பொரிச்சே. நான் பார்த்தேன்."

"என்ன லோர்னா, நிஜமா நடந்துச்சுன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே..." என்றாள் டெனீஸ்.

"நான்தான் சொன்னேன். இப்ப நானே மீறுறேன். வாயைத் திற அர்விட்."

அர்விட் ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டுத்தான் போனான். வந்ததும் பசிக்கும்ப்பா, முட்டை பொரிச்சு வைன்னு."

டெனீஸின் கண் கலங்கிவிட்டது.

"அதை எழுதுங்க அர்விட். அது இருந்தா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க," என்றாள்.

"அதை மட்டும் எழுத முடியல," என்றார் அர்விட்.

லோர்னா எழுந்துபோய், ரப்பரை எடுத்து, அவர் போட்ட கோட்டைத் தன் கையாலேயே அழித்தாள்.