முத்தையா திரும்பக் கட்டிய துண்டு

போன மாதம் பண்டாரவளையில் எனக்கொரு பாராட்டு விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். புதுத்துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறியது. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்தார். படம், தொலைக்காட்சி என்று நான் ஓடிய ஓட்டத்தைப் புகழப்போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். “துண்ட அவுத்துட்டுத் திரும்பக் கட்டுவாரே ஒருத்தரு, அவரு இருக்காருங்களா?” என்று கேட்டார்.

கேட்டீர்களா கதையை?

எழுபதுகளில் இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் முதல் படத்தை எடுத்தேன். தோட்டத்தை நடத்தும் துரை எதிரே வந்தால் ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது அன்றைய தோட்டத்து வழக்கம். என் கதாநாயகன் மட்டும் அவிழ்க்காமல் நின்று வசனம் பேசுவான். தூக்கம் கெட்டு நான் எழுதிய வசனம். பின்னால் நிற்க, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களையே கூப்பிட்டிருந்தோம். அவர்களில் ஒருவர்தான் முத்தையா.

எடுக்கும்போதும் வெட்டி ஒட்டும்போதும் என் கண் நாயகன் மேல்தான் இருந்தது. பதுளைத் தியேட்டரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. துரை வேஷக்காரர் வந்ததும் முத்தையா துண்டை அவிழ்க்கிறார். நாயகன் பேசப் பேச, துரையைப் பார்த்தபடியே அதைத் திரும்பக் கட்டிக்கொள்கிறார். நான் சொல்லிக்கொடுக்காதது! தியேட்டரே எழுந்து நின்றது. விசிலில் என் வசனம் ஒரு சொல் கேட்கவில்லை. படம் விட்டதும் சனம், பார்க்க வந்திருந்த முத்தையாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. நான் சுவரோரம், பீடிப் புகைக்குள் நின்றேன். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

பிறகு, தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் அவர் குடும்பமும் புறப்பட்டது. பதுளை ஸ்டேஷனில், தகரப் பெட்டிகளுக்கு நடுவே அவரைப் பிடித்து, அன்றைக்கு என்ன நினைத்துக் கட்டினார் என்று கேட்டேன்.

“தல குளுருச்சுங்க. கட்டிக்கிட்டேன்.”

அதற்கப்புறம் என் பொறாமை இரட்டிப்பானது. தொலைக்காட்சி வந்து நாடகங்கள் எடுத்தபோது, பின்னால் நிற்கிறவர்களிடமெல்லாம் துண்டைக் கட்டச் சொல்லிப் பார்த்தேன். சொன்னபடியே கட்டினார்கள். அதுதான் கோளாறு.

இப்போது அந்தப் படத்தின் பிரதி எங்கேயும் இல்லை. கடைசிச் சுருளும் புளித்த வாடை அடித்துக் கெட்டுப்போனது. தியேட்டர் இருந்த இடத்தில் உடுப்புக்கடை. முத்தையா எந்த ஊரில் இறங்கினார் என்றுகூடத் தெரியாது. மிச்சம் இருப்பது இந்தப் பெரியவரைப் போன்றவர்களின் ஞாபகம்தான். ஆசை விடவில்லை, கதாநாயகன் பேசிய வசனம் நினைவிருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். “அவரு ஏதும் பேசினாருங்களா?”

வெளியே வந்தேன். பண்டாரவளைக் குளிர். பொன்னாடையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.