எஸ்தர் அக்கா சாந்தமானவர் அல்ல

யாங்கோனில் எங்கள் தாமுவே பகுதி ஆலயக் குழுவிலிருந்து கைபேசிக்கு வந்த செய்தியில்தான் பார்த்தேன்: "சாந்தமே உருவான நம் சகோதரி எஸ்தர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." மாரடைப்பு. அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அவரோடு ஒரே பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். பக்கத்து வகுப்பில் அவர் குரல் உயர்ந்தால் என் மாணவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். சாந்தமாம்!

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் பயிற்சிக்காக எங்கள் இருவரையும் ஸ்காட்லாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை, பேருந்து பிடித்து ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போனோம். பெரிய கூடத்தின் வாசலில் அக்கா காலணிகளைக் கழற்றிவிட்டார். யாரோ வாழ்ந்த வீடல்லவா? யாங்கோனில் எவர் வீட்டுக்குள்ளும் நாங்கள் காலணியோடு நுழைவதில்லை. இது கோவில் இல்லை என்று வழிகாட்டி அம்மாள் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு அந்த அம்மாள் தரையைக் காட்டினார். கோட்டைக்காரக் குடும்பம் ரங்கூனில், அதாவது எங்கள் யாங்கோனில், மர வியாபாரம் செய்ததாம். இது அங்கிருந்து வந்த தேக்காம். இவ்வளவு மரத்தையும் யார் சுமந்தார்கள் என்று அக்கா கேட்டார்.

"யானைகள்!" என்றார் வழிகாட்டி, குழந்தைக்குக் கதை சொல்வதுபோல. மறுபடியும் சிரிப்பு.

"என் கொள்ளுத்தாத்தா யானை இல்லை," என்றார் அக்கா, ஆங்கிலத்தில், கூடம் அதிர. "அவர் பெயர் மாசிலாமணி. ரங்கூன் மரக்கிடங்கில் தோள் எலும்பு முறிந்தவர்."

நான் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்டி. டிக்கெட் வாங்கிப் பாக்கத்தானே வந்திருக்காங்க!"

வழிகாட்டி அடுத்த அறைக்கு அழைத்தார். அக்கா அந்த அறை வாசலை மறித்து நின்றார். மாசிலாமணி என்ற பெயரை அந்த அம்மாள் தட்டுத்தடுமாறித் தன் வாயால் சொன்ன பிறகே வழிவிட்டார். கிளம்பும்போது வெறுங்காலால் அந்தத் தேக்குப் பலகையை அழுத்திப் பார்த்து, "செருப்பக் கழட்டுனது சரிதான். வீட்டுக்காரனுக்கு இல்ல, இதுக்கு," என்றார்.

உயிரோடிருந்தவரை அவர் வாயை யாராலும் அடைக்க முடியவில்லை. இறந்ததும் முதல் வேலையாக அடைத்துவிட்டார்கள். கல்லறைக் கல்லிலும் 'சாந்தமும் பொறுமையும்' என்று பொறிக்கப் போவதாக நினைவுக் கூட்டத்தில் மூப்பர் அறிவித்தார். அடுத்து என்னை அழைத்து, "ஆறுதலா ரெண்டு வார்த்தை போதும்மா," என்று காதருகே சொன்னார்.

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கோட்டையில் நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தக் கல்லில் பொய் வேண்டாம் என்றேன்.

முன்வரிசையிலிருந்து அக்காவின் அம்மா நிமிர்ந்தார். "இந்தப் புள்ள சொல்றது சரி. சோறு குழைஞ்சாலே தட்டத் தள்ளிருவா எம் மக. பொறுமையாம்! அதையெல்லாம் எடுங்கய்யா."

கல்லில் இப்போது பெயர் மட்டும் இருக்கிறது. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபம். என் குரல் அவர் குரலளவுக்கு உயராது. ஆனால் எஸ்தர் சாந்தமானவர் என்று எவராவது சொன்னால், இல்லை என்று சொல்லும் அளவுக்கு உயரும்.