ரிப்போர்ட் வாங்கப் போகாத மதியம்

பூங்கா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும், கையிலிருக்கும் ஆஸ்பத்திரி ஃபைலைச் சீட்டுக்கு அடியில் திணித்துப் பூட்டச் சொல்வாள் அண்ணி. "அது இங்கயே கெடக்கட்டும் பாப்பா. கேட்டுக்கு உள்ள ஆஸ்பத்திரிப் பேச்சே வரக் கூடாது, சொல்லிட்டேன்." எனக்குத் தலை நரைத்து, பேத்தி பிறந்த பிறகும் அவளுக்கு நான் பாப்பாதான். அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பாவாடை சட்டை போட்டுத் திரிந்துகொண்டிருந்தேன். அன்று வாயில் வந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். ஊசி போடும் நாளில் காலையிலேயே ரத்தம் எடுப்பார்கள், ரிப்போர்ட் கைக்கு வர மதியமாகிவிடும். ரத்தம் சரியாக இருந்தால்தான் ஊசி, இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதுவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்க அவளால் முடியவில்லை. "பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சியப் பாத்தே செத்துடுவேன் போலிருக்கு" என்றாள். அதனால்தான் நாங்கள் இந்த ஏரிக்கரைப் பூங்காவுக்கு வர ஆரம்பித்தோம்.

அண்ணன் கூட வரமாட்டான். மில் ஓடிய காலத்தில் சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு போலீசுக்கு முன்னால் நின்றவன், ஆஸ்பத்திரி வாடை பட்டாலே வெலவெலத்துப்போவான். மில் மூடிய பிறகு ஒரு ஜவுளிக்கடையில் காவலுக்கு நிற்கிறான். லீவு தரவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாலி கட்டியவன் நீ, அலைகிறவள் நானா என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

வார நாட்களில் பூங்காவில் ஆளே இருக்காது. தண்ணீரைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வோம். ஏரியில் நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு நாமக்கோழிகள் கரேலென்று மிதந்துகொண்டிருக்கும். அதில் ஒன்று மற்றதையெல்லாம் கொத்தி விரட்டும். "அதோ பாரு, உங்க பெரியத்த. எல்லாரையும் தொரத்திட்டுத் தனியா திங்கறா" என்பாள் அண்ணி. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். முடியெல்லாம் உதிர்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவளும் சிரிப்பாள். எதற்காக வந்தோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

கேட்டுக்குள் அந்தப் பேச்சு கூடாது என்றவளே ஒருநாள் அதை எடுத்தாள். "பாப்பா, ரிப்போர்ட் வாங்கப் போவ வேணாம். இன்னிக்கி மட்டும் இல்ல, இனிமேலும் வேணாம்."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

"டாக்டரு ஒளிக்காமத்தான சொன்னாரு. ஊசி போட்டா கொஞ்ச நாளு தள்ளிப்போவும், நோவு போவாதுன்னு. அந்தக் கொஞ்ச நாளும் வாந்தி எடுத்துகிட்டேதான் கெடக்கணும். வாய்க்கு ருசியா மீன் கொழம்பு தின்னுட்டுப் போறனே."

திட்டினேன், கெஞ்சினேன், அழுதேன். நான் ஓய்கிறவரை பொறுத்திருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க அண்ணன்கிட்ட, டாக்டரே நிறுத்திட்டாருன்னு சொல்லிடு. நானா வேணாம்னேன்னு தெரிஞ்சா, வுட்டுட்டுப் போறாளேன்னு ஒடஞ்சிடுவாரு." எனக்கு மனசே இல்லை. ஆனாலும் சரியென்றேன்.

அன்று மதியம் இருவரும் படகில் போனோம். அவள் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே வந்தாள். சாயங்காலம் வீட்டில் அந்தப் பொய்யைச் சொன்னேன். அண்ணன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

மறுநாள் சாயங்காலத்திலிருந்து அவன் டாக்டரைத் திட்ட ஆரம்பித்தான். அவளுக்குக் கஞ்சி ஆற்றும்போதும் திட்டு, கால் பிடித்துவிடும்போதும் திட்டு. "அவனெல்லாம் ஒரு டாக்டரா? கைய விரிச்சிட்டானே!" அண்ணி படுத்தபடியே என்னைப் பார்ப்பாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். ஒரு பாவமும் அறியாத மனுஷன் மேல் பழி விழுகிறதே! ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் அண்ணி போய்ச் சேர்ந்தாள். அதுவரை அவள் ஆசைப்பட்டபோதெல்லாம் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன்.

போன வாரம் அண்ணன் தானாகவே, "அந்தப் பூங்காவுக்கு என்னய இட்டுனு போறியா?" என்று கேட்டான். அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன்.

அவன் ஏரியைப் பார்த்தபடியே சொன்னான். "தெரியும் பாப்பா. ஊசிக்கு ஏன் வரலேன்னு மறுநாளே ஆஸ்பத்திரிலேந்து எனக்குத்தான் போன் பண்ணாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா அந்த டாக்டர தெனம் அப்படித் திட்டின?"

"நான் நம்பிட்டேன்னு அவளுக்குத் தெரியணும்ல. வேற எப்படிச் சொல்றது?"

பிறகு கேட்டான். "நிம்மதியாப் போனாளா பாப்பா?"

"நிம்மதியாத்தான் போனாண்ணே. உன்ன நல்லா ஏமாத்திட்டோம்னு நெனச்சிகிட்டே போனா."

அண்ணன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.