இருமும் மைனா

மீட்ட பறவைகளைப் பராமரிக்கும் வேலையில் முதலில் பழக வேண்டியது, பேசாமல் இருப்பது. எங்கள் காட்டுப் பூங்காவுக்கு வருபவை வீடுகளிலும் கடைகளிலும் பிடிபட்டவை. மனிதக் குரலை மறந்தால்தான் அவற்றைக் காட்டில் விடுவோம். வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசித் தொண்டை வறண்டவர்களே, என்னைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள்.

நான்கு மொழிப் பலகை

‘பேசாதீர்கள்’ என்று நாட்டின் நான்கு மொழிகளிலும் பலகையில் எழுதியிருக்கிறோம். பிடோக் பேட்டையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, “ஹலோ சொல்லு லா!” என்று கத்தினார். பலகையைக் காட்டினேன்.

“டிக்கெட் எடுத்து வந்திருக்கோம் அண்ணே. பேசாத மைனாவை எதுக்கு வச்சிருக்கீங்க?”

சுத்தமான நுரையீரல்

அந்த மலை மைனா தோ பாயோ பேட்டையில் ஒரு வீட்டில் பிடிபட்டது. பேசாது, இருமும். நீண்ட இருமல், முடிவில் மெல்லிய முனகல். நோய் மற்றவற்றுக்குப் பரவிவிடக் கூடாதென்று தனியாக ஒரு கண்ணாடிக் கூண்டில் அடைத்தோம். இருமல் நிற்காவிட்டால் ஆயுசுக்கும் அந்தக் கூண்டுதான். மருத்துவர் சின்னப் பெண். எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் கிளியர் அங்கிள். ஆனா இருமுற பறவையை எப்படி ரிலீஸ் பண்றது?”

தண்ணீர் பாட்டில்

வியாழக்கிழமைகளில் பெரியவர் ஒருவர் வருவார். கண்ணாடி முன் பேசாமல் நிற்பார். மைனா இருமியதும் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார், குடிக்காமலே மூடிவிடுவார். ஒரு நாள் வெளியே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்கு ஏதோ நோய், காட்டுக்குப் போக முடியாது என்றேன்.

“அதுக்கு நோய் இல்லை தம்பி. என் வீட்ல வளந்தது. அது என் வீட்டுக்காரம்மா இருமல். போன வருஷம் தவறிட்டாங்க.”

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் மைனா கூண்டிலேயே இருந்திருக்கும்; வாராவாரம் வந்து அந்த இருமலைக் கேட்டிருக்கலாம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவரும் சொல்லியிருக்க மாட்டார். எது சரி என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

திறந்த கதவு

நோய் இல்லை என்றானபின் மற்ற மைனாக்களோடு சேர்த்ததும் அது சீழ்க்கை பழகியது. இருமல் குறைந்தது. விடுவிக்கும் நாளில் பெரியவரை அழைத்தேன். கதவைத் திறந்ததும் பறந்துபோய் உயரக் கிளையில் உட்கார்ந்தது. அங்கிருந்து ஒரே ஒரு முறை இருமியது. அவர் கை தானாகப் பாட்டிலைத் திறந்தது.

“காட்டுல தண்ணி கிடைக்கும்ல, தம்பி?”

வாயை மூடுவதிலேயே தேறிவிட்டவனுக்கு, திறக்க வேண்டிய நேரத்தில் ஒரு ‘கிடைக்கும்’கூட வருவதில்லை.