முறுக்கு டப்பாவும் மாட்டுங்கா சுபாவும்

சர்ர்... என்று ஒரு ஜிப் சத்தம்.

இமயமலை ட்ரெக் பற்றிக் கேட்டால் மற்றவர்கள் பனி, ஆறு, நட்சத்திரம் என்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சத்தம்தான். விடிந்தும் விடியாத நேரம்... டென்ட்டுக்கு வெளியே, பல் கூசும் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே யாரோ என் பேகைத் திறக்கிறார்கள். என் ஜிப் எனக்குத் தெரியாதா? பாதியில் சிக்கி, அப்புறம்தான் ஓடும்.

உள்ளே இருந்தது சுபா மட்டும்தான்.

சுபாவின் வீடு வசதியான மாட்டுங்காவில். பேங்க்கில் வேலை. நான் தாராவி. கூட்டத்தில் மற்ற எல்லோரும் ஹிந்தி, மராத்திக்காரர்கள். அதனால் ட்ரெக் லீடர், "தோனோ மதராஸி, ஏக் ஸாத் ரஹோ" என்று எங்களை ஒரே டென்ட்டில் போட்டுவிட்டார்.

பொதுவாக, தாராவி என்று நான் சொன்னதும் எதிரில் இருப்பவர்களின் கைதான் தங்கள் பையைப் பிடிக்கும். பார்த்துப் பார்த்துப் பழகிப்போன விஷயம். அங்கே முதல் முறையாக நான் என் பையைப் பிடித்துக்கொண்டேன். அவள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாள்... அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பை கனமோ கனம். அம்மா செய்த வேலை.

"ஏட்டி, அங்கன வெறும் ரொட்டியும் ஆலுவுமாத்தான் போடுவானுவ. இதையும் வச்சுக்க" என்று முறுக்கு டப்பா, பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் திணித்துவிட்டாள். அந்த எண்ணெய் முதல் முகாமிலேயே கல்லாகிவிட்டது. ரயிலேற்றும்போது கடைசியாகச் சொன்னது, "ஒருத்தரையும் நம்பாத. லோக்கல் ட்ரெயின்ல போற மாரியே பேகை முன்னால மாட்டிக்க."

மாட்டினேனே! மலையில் வயிற்றுப் பக்கம் பை. கால் வைக்கும் இடம் தெரியாமல் இரண்டு தடவை விழுந்தேன். லீடர் திட்டி, முதுகுக்கு மாற்ற வைத்தார். பை கண்ணுக்கு மறைந்ததும் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. ஏனென்றால், எனக்குப் பின்னால் நடப்பது சுபா.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்திருந்தார்கள். ஜோடியில் ஒருவர் முடியாமல் கீழே இறங்கினால், மற்றவரும் துணைக்கு இறங்கியே ஆக வேண்டும். தினமும் சாயங்காலம் விரலில் க்ளிப் மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார்கள். என் விரலைப் பார்க்கும்போதெல்லாம் லீடர் உதட்டைப் பிதுக்குவார். அளவு இன்னும் குறைந்தால் கீழே இறக்கிவிடுவார்கள். உச்சியில் இருக்கும் கணவாயைத் தாண்டிவிட்டுத்தான் வருவேன் என்று எங்கள் சால் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு மலை?" என்று கேட்ட மாமாவிடம் அம்மா எனக்காகச் சண்டை போட்டிருந்தாள். பாதியில் திரும்பினால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

அந்த ஜிப் சத்தம் கேட்ட அன்று முறுக்கு டப்பாவைக் காணோம்.

மறுநாள் ஊறுகாய். அப்புறம் என் தடி ஸ்வெட்டர்.

ரயிலில் செய்வதுபோல இரண்டு ஜிப்பையும் சேர்த்து ஊக்கு குத்தி வைத்தேன். காலையில் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், ஊக்கு எதிர்ப்பக்கமாகக் குத்தியிருந்தது. எண்ணெய் பாட்டிலும் போயிருந்தது. கல்லாகிப்போன எண்ணெயைக்கூடவா ஒருத்தி திருடுவாள்?

வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சண்டை என்று தெரிந்தால் லீடர் இரண்டு பேரையும் இறக்கிவிடுவார். கணவாயைத் தாண்டட்டும், அப்புறம் இருக்கிறது இவளுக்கு... என்று பல்லைக் கடித்தபடி நடந்தேன்.

கணவாய் ஏறிய அன்று ஏனோ எனக்கு மூச்சு அவ்வளவு வாங்கவில்லை. கோபத்தில் வந்த தெம்பு என்று நினைத்தேன். மேலே ஏறி, முட்டி வரை பனியில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தால்... சுபா வருகிறாள். கூன் விழுந்த மாதிரி குனிந்து, நாலடிக்கு ஒரு தரம் நின்று, முகமெல்லாம் சிவந்து. அவள் பை ஊதிப்போய் இருந்தது.

வந்ததும் பையைத் திறந்தாள். முறுக்கு டப்பா, பொடி, ஊறுகாய், ஸ்வெட்டர், எண்ணெய்... ஒவ்வொன்றாகப் பனியில் எடுத்து வைத்தாள். பொடி போனதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துருக்கலாம்லா நீங்க?" என்றேன்.

"கேட்டா குடுத்திருப்பேளா? பேகைத் தலைக்கு வெச்சுண்டு தூங்கற ஆளாச்சே நீங்க!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே அவள், "ரொம்ப நல்லவள்னு நெனச்சுக்காதேங்கோ. நீங்க எறங்கினா நானும் எறங்கணும். இந்த லீவுக்கு நான் எத்தனை பேர் கால்ல விழுந்திருக்கேன் தெரியுமா?" என்றாள்.

டப்பாவைத் திறந்தேன். பாதி முறுக்கைக் காணோம்.

"அது சுமைக் கூலி" என்று மீதியில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

எனக்காகச் செய்தாளா, தனக்காகச் செய்தாளா? இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிறந்த குணம், போகுமா? ஆனால் அந்தக் கனம் முழுவதும் அவள் முதுகில் ஏறித்தான் மேலே வந்தது... அதில் சந்தேகமே இல்லை.

சுபா இப்போது கனடாவில். பண்டிகைக்கு ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான். நான் புறநகரான கல்யாணுக்குக் குடிவந்துவிட்டேன், வேலை விக்ரோலியில். சாயங்கால ட்ரெயினில் லேப்டாப், டிபன் டப்பா, வழியில் வாங்கிய காய்கறி எல்லாவற்றோடும் பையை முன்னால் மாட்டி, ஊக்கு குத்திக்கொண்டு நிற்கிறேன். பின்னால் யார் கை பட்டாலும் சட்டென்று திரும்பிப் பார்ப்பேன்.

இத்தனை வருஷத்தில் ஒரு பொருள்கூடத் திருடு போனதில்லை. ஏறும்போது என்ன கனமோ, வீட்டு வாசலில் இறக்கி வைக்கும்போதும் அதே கனம்தான் இருக்கிறது.